ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகாது

வாங்க அண்ணாச்சி, வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. முதல்ல பையைக் கீழே வைங்க. நல்ல கனம்போல, தோள் ஒரு பக்கமா இறங்குது. சொந்தமாப் படம் ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா, போட்டுப் பார்க்க? விவரமான ஆளுதான். இங்கே வந்தவங்க எல்லாரும் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து, நான் போட்டதைப் பார்த்து, ஆகான்னு சொல்லி, காப்பி குடிச்சிட்டுப் போனவங்க.

அந்த ஓரத்து நாற்காலி வேண்டாம். நடுவில இருக்கு பாருங்க, அதுல உட்காருங்க. அது என் நாற்காலிதான். இன்னிக்கு உங்களுக்கு. இந்த அறையில ஏழு ஸ்பீக்கர் இருக்கு. எட்டாவதா அந்த மூலையில ஒரு கறுப்புப் பெட்டி, இடி மாதிரி சத்தத்துக்கு. இத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு இடத்துலதான் சரியா வந்து விழும். மைக்கை வச்சு அளந்து பண்ணினது. அந்த இடம் இந்த நாற்காலி. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலும் போச்சு, மழை ஒரு காதுக்கு, இடி ஒரு காதுக்குன்னு ஆயிரும். ஓரத்து நாற்காலி என் வீட்டுக்காரிக்குப் போட்டது. சண்முகத்தாய்னு பேரு. உங்களுக்கு வாசல் கதவைத் திறந்தாளே, அவதான். அவ அதுல ரெண்டு தடவை உட்கார்ந்திருப்பா. படம் ஓடும்போது என்னமோ பேசினா, 'ஷ்'ன்னேன். அதுக்கு அப்புறம் வர்றதில்லை. ஒரே ஒரு 'ஷ்'. அதுக்கே கோபம்.

என்ன, அம்மாவா? அம்மாவைப் பிறகு பார்க்கலாம். அவளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஜோயல் எல்லாம் சொல்லிட்டான். மதுரையில கடை வச்சிருக்கானே, எனக்கு இதையெல்லாம் மாட்டிக் கொடுத்தவன், அவன்தான். "அருப்புக்கோட்டைக்காரர் ஒருத்தர் வீட்டுல தியேட்டர் வைக்கப் போறார், உங்க அறையைப் பார்க்க வருவார்"ன்னு போன வாரமே போன்ல எழுதி அனுப்பினான். வீட்டிலயும் சொன்னா. ரெண்டு மூணு தடவை சொன்னா, ஞாயித்துக்கிழமை ஆள் வருதுன்னு. இன்னும் என்னவோ கூடச் சொன்னா. சரின்னேன்.

கதவைச் சாத்துறேன். கதவைச் சாத்தினாத்தான் இது தியேட்டர், இல்லைன்னா வெறும் ரூம். இந்தா. பார்த்தீங்களா! சுத்திவர ரப்பர். இப்போ தெருவில லாரி போனாலும் நமக்குத் தெரியாது. நாம இங்கே கத்தினாலும் தெருவுக்குத் தெரியாது. ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகாது, ஒரு பொட்டு உள்ளே வராது.

என்ன எந்திரிக்கிறீங்க? குக்கர் விசிலா? இருக்காது அண்ணாச்சி. புதுசா இதுக்குள்ள வர்றவங்களுக்கு அப்படித்தான். அமைதி பழக்கம் இல்லாத காது, என்னத்தையாவது கேட்டுக்கிட்டே இருக்கும். பிரமை. உட்காருங்க.

நான் மில்லுல ஃபிட்டரா இருந்தேன். நூல் நூற்கிற பகுதி. உள்ளே போயிருக்கீங்களா? கதவைத் திறந்ததும் சத்தம் சுவர் மாதிரி வந்து நெஞ்சுல இடிக்கும். பக்கத்துல நிக்கிறவன் காதுல வாயை வச்சுக் கத்தினாலும் கேட்காது. அதனால நாங்க யாரும் கத்துறதே இல்லை. வாயைப் பார்த்துத்தான் பேச்சு. அந்தக் கோடியில நிக்கிறவன் மேஸ்திரியை என்ன வார்த்தை சொல்லித் திட்டுறான்னு உதட்டைப் பார்த்து இந்தக் கோடியில நாங்க சிரிப்போம். மேஸ்திரிக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. அவர் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பார்.

அப்படி ஒரு சத்தத்துல ஆயுசைக் கழிச்சவனுக்கு என்ன ஆசை இருக்கும், சொல்லுங்க. சின்னச் சின்னச் சத்தம் கேட்கணும். படத்துல ஒருத்தி கொலுசு போட்டு நடந்தா அந்தக் கொலுசு தனியாக் கேட்கணும். தீக்குச்சி உரசினா உரசல் கேட்கணும். கோவில்பட்டியில தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஆனா குச்சி உரசுற சத்தத்தைக் கேட்டு எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆனதும் முதல் காரியம் இதுதான்னு முடிவு பண்ணினேன்.

படம் கிடைச்சிருச்சு. அதுல குறையே சொல்ல மாட்டேன். திரையைப் பாருங்க, சுவர் நிறைய. சுத்தி எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சேன், மேலே கூரைக்கும் கறுப்பு. வெள்ளையா இருந்தா திரை வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளிறடிச்சிரும். கறுப்பு அடிச்சப்போ சண்முகத்தாய் வாசல்ல நின்னு பார்த்துட்டு, "பேரு வெயிலுமுத்து. வீட்டுக்குள்ள வெயிலுக்கு வழியைக் காணோம்"ன்னா. வாய் அதிகம் அவளுக்கு.

ஆனா அந்தக் கொலுசு மட்டும் இன்னும் வரலை அண்ணாச்சி. முன் ஸ்பீக்கரை மூணு தடவை மாத்தியாச்சு. ஜோயல் வந்து உட்கார்ந்து கேட்டுட்டு, "நல்லாத்தான சார் கேக்குது, ஜலக் ஜலக்னு"ங்கிறான். விக்கிறவன் வேற என்ன சொல்வான்? என் மக முத்துச்செல்வி ஓசூர்ல இருக்கா. ஒரு நாள் வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து கேட்டுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, ஸ்பீக்கரை விடுங்க. காது டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வருவமா"ன்னா. எனக்கா? நான் கேட்டேன் அவளை, எனக்காம்மா? எந்த மிஷின்ல பேரிங் தேய்ஞ்சிருக்குன்னு நான் சொன்னா மறுபேச்சு இருந்ததில்லை மில்லுல. கையை வச்சுப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனாலும் சொன்னேன்ல? அவங்க அம்மா பின்னாடி நின்னு சிரிச்சா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

எங்கே போறீங்க? ஓ, சுவரைப் பார்க்கவா! பாருங்க, பாருங்க. இதுவரைக்கும் வந்தவங்கள்ல நேரே சுவர்ட்ட போனது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு விஷயம் தெரியுது. மேலே கறுப்புத் துணி. அதுக்குப் பின்னாடி பலகை. பலகைக்குப் பின்னாடி பாறைப் பஞ்சு, சத்தத்தைக் குடிக்கிறதுக்கு. பஞ்சுக்குப் பின்னாடி செங்கல். ஆமா, அங்கேதான்! அங்கேதான் ஜன்னல் இருந்தது. தட்டியே கண்டுபிடிச்சிட்டீங்களே! அடடா, சாண் போட்டு அளக்கிறீங்க. உங்க வீட்டிலயும் ஜன்னல் தொந்தரவு இருக்கோ? இது நாலடி அகலம். ஒற்றைச் செங்கல்தான் வச்சு அடைச்சது. வெளிப்பக்கக் கம்பியை எடுக்கலை. தெருவில இருந்து பார்த்தா இன்னும் ஜன்னல் மாதிரியேதான் இருக்கும்.

அந்த ஜன்னலடியில அவ தையல் மிஷின் போட்டிருந்தா. கிழக்குப் பார்த்த ஜன்னல், விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் வெளிச்சம். தெருப் பொம்பளைங்க கம்பி வழியாத் துணியை நீட்டுவாங்க, அளவு ஜாக்கெட்டை நீட்டுவாங்க, தச்சதை இவ உள்ளே இருந்து நீட்டுவா. துணி கைமாற ஒரு நிமிஷம், பேச்சு முடிய ஒரு பொழுது. எவ வீட்டு மருமக கோவிச்சுக்கிட்டுப் போனா, எவன் சீட்டுப் பிடிச்சு ஓடினான், எல்லாம் அந்தக் கம்பியிலதான். நான் ஷிப்ட் முடிஞ்சு வந்து பின்னாடி உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரியறது முதுகு. முதுகும், தோள் குலுங்குறதும். சிரிக்கிறாள்னு தெரியும். எதுக்குச் சிரிக்கிறாள்னு தெரியாது. என்னன்னு கேட்டா, மிஷினை மிதிச்சுக்கிட்டே, திரும்பாம ஏதோ சொல்வா. முதுகு பேசினா யாருக்குப் புரியும்?

அதுக்காக அடைச்சேன்னு சொல்ல வரலை. சத்தத்துக்காகத்தான் அடைச்சது. ஜோயலே சொன்னான், ஜன்னல் இருந்தா தியேட்டர் இல்லைன்னு. ஆனா மனசுல ஒரு ஓரமா இருந்தது, இல்லைன்னா பொய். அவ பேச்சு பூராவும் தெருவுக்குப் போகுதே, ஜன்னல் இல்லைன்னா நம்ம பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசுவாளேன்னு. ஆனா அடைச்ச பிறகு பேச்சே குறைஞ்சு போச்சு. பொம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும்.

நான் ஒரு குறையும் வைக்கலை அண்ணாச்சி. மிஷினைப் பின்கட்டுல போட்டுக் கொடுத்தேன். டியூப் லைட் போட்டுக் கொடுத்தேன். பின்கட்டுக்கு வரணும்னா வீட்டுக்குள்ள நுழைஞ்சு என்னைத் தாண்டித்தான் வரணும், அதனால பொம்பளைங்க கொஞ்சம் தயங்கினாங்க. கொஞ்ச நாள்ல இவளே தையலை விட்டுட்டா. கண்ணு பிடிபடலைன்னா. வயசாகுதுல்ல. மிஷின் மேல பழைய சேலையைப் போட்டு மூடி வச்சிருந்தா. போன வாரம் பார்த்தா, சேலையை எடுத்துட்டு, எண்ணெய் விட்டுத் துடைச்சுக்கிட்டிருக்கா. விக்கப் போறா போலிருக்கு. நல்லதுதான், சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு.

இருங்க, படத்தைப் போடுறேன். மழைக் காட்சி ஒண்ணு இருக்கு. காதை மட்டும் வச்சுக் கேட்காதீங்க, முதுகையும் வச்சுக் கேளுங்க. வருது... வருது... இப்போ! எப்படி! நாற்காலி நடுங்குதா? அடிவயித்துல தெரியுதா? ஏன் காதைப் பொத்துறீங்க? இது பாதிகூட இல்லையே.

சரி சரி, நிறுத்திட்டேன். பழகணும்.

இந்த இடி விழும்போது முதல்ல ஒரு தொந்தரவு இருந்தது. கதவோட உள்பக்கக் கைப்பிடி நடுங்கும். தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். நடுங்கினா சத்தம் வரத்தானே செய்யும்? அந்தச் சத்தம் படத்துக்குள்ள வந்து சேருமா சேராதா? கழட்டி எறிஞ்சிட்டேன். இப்போ பாருங்க, கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. சின்னதா ஒரு சதுர ஓட்டை மட்டும். அதுக்குன்னு ஒரு இரும்புக் கம்பி பண்ணி வச்சிருக்கேன். ஓட்டையில விட்டுத் திருகினா திறந்துக்கும். இடி இல்லை, நடுக்கம் இல்லை, சுத்தம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. கம்பி யோசனை பிறகுதான் வந்தது. கைப்பிடியைக் கழட்டின அன்னிக்கே கதவு தானாச் சாத்திக்கிச்சு. ஆடி மாசம், மத்தியானம், இன்னும் சாப்பிடக்கூட இல்லை. தட்டினேன். கூப்பிட்டேன். தாயின்னேன், சண்முகத்தாயின்னேன், கதவைத் திறடின்னேன். போன் இங்கே எடுக்காது, இத்தனை அடைப்புக்குள்ள சிக்னல் வராது. தொண்டை கட்டிப் போச்சு. நாற்காலியில வந்து உட்கார்ந்துட்டேன். அவ்வளவு பெரிய திரை, ஏழு ஸ்பீக்கர், ஒரு படம் போடத் தோணலை பாருங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவு திறக்குது. காப்பி டம்ளரோட நிக்கிறா. "இத்தனை நேரம் கத்துறேன், கேட்கவே இல்லையா?"ன்னேன். என் முகத்தையே பார்த்து, ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொன்னா. "நீங்கதான சொன்னீங்க, ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போவாதுன்னு."

அவ்வளவு ஆத்திரத்துலயும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். நினைச்சுப் பாருங்க. அடுப்படிக்கும் இந்தக் கதவுக்கும் இடையில ஒரு நடை, அவ்வளவுதான். அங்கே இருக்கிறவளுக்கு ஒரு சொல் கேட்கலை! இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்? ஜோயல்ட்டகூடச் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். பொறாமை.

மறுநாள் காலையில நாலு வீடு தள்ளி இருக்கிற பேச்சியக்கா வழி மறிச்சுக் கேட்குது. "ஏ தம்பி, நேத்து மத்தியானம் என்ன படம் போட்ட? கதவைத் திறடி கதவைத் திறடின்னு ஒரு பாவி கத்திக்கிட்டே கிடந்தானே. கடைசில திறந்தாளா இல்லையா?" அது வேற எந்த வீட்டு டிவியையோ கேட்டிருக்கு. வயசான மனுஷி, காது மந்தம். நான் சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன்.

சரி, காப்பி குடிப்போம். பேசிப் பேசி உங்களுக்கும் நாக்கு வறண்டிருக்கும். நான்தான் பேசினேன், ஆனாலும். கம்பி இந்தத் தட்டுலதான் வச்சிருப்பேன்.

இந்தத் தட்டுலதான்.

நேத்துக்கூட இருந்ததே. காலையில துடைக்க வந்தா. துடைக்கும்போது எங்கேயாவது நகட்டி வச்சிருப்பா. கீழே விழுந்திருக்கான்னு பாருங்க. அந்த நாற்காலியைத் தூக்குங்க. இல்லையா? சட்டைப் பையில... இல்லை.

ஒண்ணும் பதற வேண்டாம் அண்ணாச்சி. அவ காப்பி கொண்டு வருவா. வந்தவருக்குக் காப்பி கொடுக்காம இருக்க மாட்டா. அதுவரைக்கும் ஏசி இருக்கு, படம் இருக்கு. கதவைத் தட்டாதீங்க, கை வலிக்கிறதுதான் மிச்சம். அதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன் உங்களுக்கு.

போச்சு. கரண்ட்டும் போச்சு.

அப்படியே நில்லுங்க, வயர்ல கால் தட்டிரும். உங்க போனைப் போடுங்க, டார்ச் இருக்கும்ல. என் போன் எங்கே வச்சேன்னு தெரியலை. ஆ, வந்துருச்சு. என்ன இருட்டு பார்த்தீங்களா? பகல் நேரம்னு யாராவது சொல்ல முடியுமா? இதுக்குத்தான் கறுப்பு அடிச்சது.

என்ன? என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா. இந்த அறை அப்படித்தான், பேச்சை முழுங்கிரும். இன்னும் சத்தமாச் சொல்லுங்க. இல்லை, விழலை. நீங்க ஒண்ணு பண்ணுங்க. டார்ச்சை உங்க முகத்துக்கு நேரே பிடிங்க. என் கண்ணுல இல்லை, உங்க முகத்துல. கொஞ்சம் கீழே. ஆ. இப்போ சொல்லுங்க.

இப்போ கேட்குது.

அம்மா கூப்பிடுறாங்களா? எங்கே இருந்து? சுவருக்கு அந்தப் பக்கமா? இருக்காது அண்ணாச்சி, அது பாறைப் பஞ்சும் செங்கலும். முதல்லயே சொன்னேன்ல, பிரமைன்னு. அந்தக் குக்கர் விசில் மாதிரிதான். கீரைக்காரி போனதும் கேட்டதா? என்ன கீரை? அரைக்கீரையா? அதுகூடவா கேட்கும்!

ஆரம்பிக்கலாம்ங்கிறாளா? எதை ஆரம்பிக்கிறது?

இருங்க. டார்ச்சை அசைக்காதீங்க. திரும்பச் சொல்லுங்க. அருப்புக்கோட்டை இல்லையா? இலுப்பையூரணியா? ஜோயல் அனுப்பலையா? பையில என்ன? காட்டுங்க. உளி. சுத்தியல். கரண்டி.

கொத்தனாரா நீங்க?

முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. நான் எங்கே விட்டேன்னா? அதுவும் சரிதான். நீங்க வாயைத் திறந்தீங்க, நான் நாற்காலியைக் காட்டினேன். இருந்தாலும் ஒரு வீட்டுச் சுவரை இடிக்க வந்த மனுஷன் இவ்வளவு பொறுமையா மழைக் காட்சி பார்க்கலாமா? ஜன்னலைத் திறக்க யார் சொன்னது? சண்முகத்தாயா? அவ சொன்னா ஆயிருச்சா? இது என் அறை. வீட்டு ஆம்பளையை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்டாளா? நானா?

நான் சரின்னு சொன்னேன்னு சொன்னாளா?

சொல்லியிருப்பேன். அவ எது சொன்னாலும் சரின்னுதான் சொல்றது. கொஞ்ச வருஷமா அப்படித்தான். அடுப்பைப் பார்த்துக்கிட்டு ஏதோ சொல்வா. துணி காயப்போட்டுக்கிட்டே ஏதோ சொல்வா. என்னன்னு திருப்பிக் கேட்டா எரிச்சல், இன்னொரு தடவை கேட்டா சண்டை. சரின்னுட்டா ஒண்ணும் இல்லை. முத்துச்செல்விக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட அப்படித்தான் சரின்னேன், யாரு எந்த ஊருன்னு நிச்சயத்தன்னிக்குத்தான் தெரிஞ்சது. நல்லவேளை, நல்ல பையன். இன்னும் எதுக்கெல்லாம் சரி சொல்லி வச்சிருக்கேனோ.

புழுக்கமா இருக்கு. உங்களுக்கும் வேர்க்குதே. காத்து வர ஒரு இடுக்கு கிடையாது இதுல. மெழுகுவத்தியைக் கொளுத்தி, சுடர் எங்கே அசையுதுன்னு பார்த்துப் பார்த்து நானே அடைச்சேன். எங்கேயும் அசையாத அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு. தள்ளுங்க, நான் கூப்பிடுறேன். தாயி! ஏ தாயி! கதவைத் திற!

என்ன சொல்றா? உங்களுக்குக் கேட்குதுல்ல, சொல்லுங்க. டார்ச்சை முகத்துல பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

கம்பி அவட்டதான் இருக்கா?

ஜன்னல் முதல்லயாம். கதவு பிறகாம். பேச்சியக்கா சிரிக்குதா? அதுவும் அங்கே நிக்குதா?

அப்போ நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கு. ஒரு சத்தம் போட்டேன், உடனே பதில் வருது. இந்தப் பஞ்சு, செங்கல், எல்லாத்தையும் தாண்டி. அப்படின்னா ஆடி மாசம் அன்னிக்கு... கதவுக்கு நேரே, ஒரு நடை தள்ளி... பொழுதன்னிக்கும் தாயி தாயின்னு...

அதை விடுங்க. அதை அப்புறம் பார்த்துக்கலாம். 

என்ன முழிக்கிறீங்க? அவ பதிலுக்கு நிக்கிறாளா? சரின்னு சொல்லுங்க. நான் சரின்னேன்னு சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் சரின்னேன்னு சேர்த்துச் சொல்லுங்க.

துணியில உளி வைக்காதீங்க, மேலே ஆணி இருக்கு, நான் கழட்டுறேன். டார்ச்சைக் கொடுங்க, நான் பிடிச்சுக்கிறேன். பலகையை அப்படியே முன்னால இழுங்க, வந்துரும். பஞ்சைக் கையால தொடாதீங்க, அரிக்கும், இந்தாங்க, என் துண்டு. ஆ, இதுதான் செங்கல். எந்த வரிசையில ஆரம்பிப்பீங்க? நீங்க பாருங்க, உங்க வேலை. நான் சுவர்ல கை வச்சுக்கிறேன், தொந்தரவு இல்லைல்ல? அடிங்க.

தெரியுது. ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில தெரியுது. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் அடிங்க, அங்கேதான் ஆடுது. பேரிங் மாதிரிதான், பொய் சொல்லாது. ஆடுது, ஆடுது. இழுங்க.

அம்மாடி.

கண்ணு கூசுது. எவ்வளவு தூசி பாருங்க, புரொஜெக்டர் வெளிச்சத்துல பறக்கிற மாதிரியே பறக்குது. காத்து வருது கொத்தனாரே. இதே தெருக் காத்துதான், சாக்கடை வாடையோட. தள்ளி நில்லுங்க, நான் முகத்தைக் கொண்டுபோறேன்.

கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. பச்சைச் சேலை தெரியுது, அது அவதான். பக்கத்துல பேச்சியக்கா கை. கையில பாருங்க, துணி. அதுக்குள்ளேயா! இன்னும் சுவரே முழுசா இடியலை, அளவு ஜாக்கெட்டோட வந்து நிக்குது கிழவி.

குனியுறா. ஓட்டைக்கு நேரே வர்றா. கண்ணு தெரியுது. என்னைத்தான் பார்க்கிறா. ஏதோ சொல்றா. பேச்சியக்காட்ட இல்லை, என்கிட்டத்தான் சொல்றா.

நீங்க சொல்ல வேண்டாம். இருங்க, சொல்லாதீங்க. இந்தாங்க, டார்ச்சை வாங்கி அணைச்சுட்டு இன்னும் ஒரு செங்கலை எடுங்க கொத்தனாரே. கீழ்வரிசையில எடுங்க. வாய் தெரியலை.